ஏரித் தடம், காலை பத்து வரை

குன்வோர் எழுதும் தட நிலவரத்தைப் படித்துவிட்டு யாராவது சந்தோஷப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. பதினாறு வருஷமாக ஊரின் பனிச்சறுக்கு ஸ்கீ சங்கத்துக்கு அவள்தான் எழுதுகிறாள். காலையில் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காட்டுக்குள் போவாள். பின்னால் கட்டிய இரும்புச் சட்டம் பனியை அமுக்கித் தடம் போட்டுக்கொண்டே வரும். வீடு திரும்பி, காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு, சங்கத்தின் இணையப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுவாள். ஜனவரியில், வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்க, பனி மாவாக உதிரும் நாளில்கூட, "தடம் இருக்கிறது. மேட்டுக்குப் பக்கம் ஒரு கிளை விழுந்து கிடந்தது, எடுத்துப் போட்டேன்" என்பதோடு சரி. பனி உருகத் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். "காலையில் கண்ணாடி, மத்தியானம் கஞ்சி. வீட்டில் இருப்பவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்."

ஊரே அதைப் படித்துத் திட்டியது. ஊரே அதை நம்பவும் செய்தது. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து ஊர்ச் சங்கம் "அற்புதமான தடம்!" என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதினால், அந்த ஊர்க்காரர்களே குன்வோர் என்ன எழுதியிருக்கிறாள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் ஸ்கீயைத் தொடுவார்கள்.

"இவ 'மோசம்'னு எழுதினா நல்லா இருக்குனு அர்த்தம்," என்பாள் ஹெர்டிஸ். "'ரொம்ப மோசம்'னா சுமாரா இருக்கு. 'நல்லா இருக்கு'னு எழுதினா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் எழுதினதில்லையே."

ஹெர்டிஸ் முப்பது வருஷம் தபால் கொண்டுபோனவள். ஓய்வு பெற்றபின் காட்டோரத்தில், குன்வோர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தனியாக இருந்தாள். தனியாக என்று சொன்னால் ருஸ்க் கோபித்துக்கொள்ளும். சாம்பல் நிறத்தில் சுருட்டிய வாலோடு அவள் கூடவே திரியும் நாய் அது. ஹெர்டிஸ் இடுப்பில் பட்டை கட்டிக்கொள்வாள், பட்டையின் கொக்கியிலிருந்து நாயின் கழுத்துக்கு ஒரு நீளக் கயிறு, நாய் முன்னால் ஓட இவள் பின்னால் சறுக்குவாள். "கிழவிய நாய் மேய்க்குது பாருங்க," என்பாள் குன்வோர். வருஷா வருஷம் பனி முடிகிற அன்றைக்கு இருவரும் குன்வோரின் கொட்டகையில் உட்கார்ந்து, பிடிப்புக்காக ஸ்கீயின் அடியில் தடவியிருக்கும் கிளிஸ்டர் பசையைச் சுரண்டி எடுத்து, ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்து, இரண்டு ஜோடியையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் மாட்டுவார்கள். அதற்கப்புறம்தான் அவர்களுக்குக் கோடை.

இந்த வருஷம் உருகல் முன்கூட்டியே வந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை மழை பெய்தது. பனிமேல் மழை பெய்வதைப் போல மனசைக் கெடுக்கும் காட்சி வேறு கிடையாது. வெள்ளிக்கிழமை காட்டில் பனியின் மேலெல்லாம் ஊசியிலையும் பட்டைத் தூளும், பெருக்காத வீடு மாதிரி. அடிமரங்களைச் சுற்றிப் பள்ளம் விழுந்து கருப்பு மண் தெரிந்தது. ஏரிக்குள் விழும் ஓடை, பனிக்கு அடியில் குடுகுடுவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

உறைந்த ஏரியின் மேலே பிர்ச் மரக் குச்சிகள் வரிசையாக நின்றன. ஜனவரியில் குன்வோரும் ஹெர்டிஸும் சேர்ந்து வெட்டி, பனிக்கட்டியில் துளை போட்டு, இக்கரையிலிருந்து அக்கரைவரை நட்டவை. குச்சி நின்றால் போகலாம், குச்சியைப் பிடுங்கிவிட்டால் போகக்கூடாது. இந்த விஷயத்தில் ஊரில் இதற்கு மேல் சட்டம் இல்லை. சனிக்கிழமை பிடுங்கிவிடுவதென்று குன்வோர் முடிவு செய்திருந்தாள். கயிற்றையும் கோடரியையும் எடுத்து வாசலில் வைத்திருந்தபோதுதான் சங்கத் தலைவர் அஸ்முன் வந்து சேர்ந்தான். அவனும் அவளும் பள்ளியில் ஒரே வகுப்பு.

"அம்மா தாயே, நாளைக்கு ஒரே ஒரு நாள் விடு," என்றான்.

"எத விடணும்?"

"ஏரிய. நாளைக்கு நம்ம சங்கத்து அக்கரைக் குடில்ல இந்த வருஷத்துக் கடைசி ஞாயிறு. என் பொண்டாட்டி ரெண்டு வாளி வாஃபிள் மாவு கரைச்சு வச்சிருக்கா. ஏரி வழியா போனா நாலு கிலோமீட்டர். காட்டு வழியா சுத்தினா பதினொண்ணு. அதுலயும் பாதி வெறும் மண்ணு. எவன் வருவான்?"

"வரலன்னா மாவ நீங்களே தின்னுங்க."

"ராத்திரி வானம் தெளிவா இருக்குமாம். மைனஸ் ஆறு. காலைல இரும்பு மாதிரி இறுகிடும். நீயே துளை போட்டுப் பாத்தியே, எவ்ளோ கனம் இருந்துச்சு?"

"நாப்பது சென்டி."

"நாப்பது! லாரியே போகலாம்."

வசந்தத்தில் கனம் பொய் சொல்லும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஊசி ஊசியாகப் பிரிந்து நிற்கிற பனிக்கட்டி, அளந்தால் நாற்பது காட்டும், மிதித்தால் நான்கு சென்டி கனம் தாங்குகிற அளவுகூடத் தாங்காது. ஆனால் ராத்திரி நன்றாக உறைந்துவிட்டால் மேலே ஒரு தோல் கட்டும். காலை பத்து மணிவரை அந்தத் தோல் நிற்கும். அதுவும் உண்மைதான்.

"நீ எழுதினா எல்லாரும் அழுதுகிட்டேதான் படிக்கிறாங்க குன்வோர்," என்றான் அஸ்முன். கிண்டலாகத்தான் தொடங்கினான், முடிக்கும்போது கிண்டல் இல்லை. "போன வாரம் ஒருத்தர் எங்கிட்டயே கேட்டாரு, உங்க ஊர்ல பனி பெய்யுதா இல்ல எழவு விழுந்திருக்கான்னு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லதா ரெண்டு வார்த்த எழுதேன்."

அது அவளைச் சுருக்கென்று குத்தியது. பதினாறு வருஷம் கூலியில்லாமல் விடியற்காலையில் எழுந்து செய்கிற வேலைக்கு எழவு என்று பெயரா? நாளைய நிலவரத்தை இன்றைக்கே எழுதுவதில்லை என்பது அவளே போட்டுக்கொண்ட விதி. அன்று சாயங்காலம் அதை மீறினாள்.

"இன்றிரவு வானம் தெளிவு, மைனஸ் ஆறு. காலையில் பனி இறுகி நன்றாகத் தாங்கும். ஏரித் தடம், காலை பத்து வரை போகலாம். அக்கரையில் வாஃபிள் உண்டு. நல்ல நாளாக இருக்கும்."

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அழிக்கப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அரை மணி நேரத்தில் கீழே வரிசையாகப் பதில்கள் வந்து விழுந்தன. "குன்வோர் சிரித்துவிட்டாள்!" "நாளைக்கு நாங்கள் குடும்பத்தோடு." அஸ்முன் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். ஹெர்டிஸ், "இதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டப்போகிறேன்" என்று எழுதியிருந்தாள். குன்வோர் அவற்றை நான்கைந்து தடவை படித்தாள். யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் சிரித்தும் வைத்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கும் முன்பே காது கேட்டுவிட்டது. சொட்டு. சொட்டு. கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

காலை ஆறு மணிக்குக் கூரை சொட்டினால் என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ராத்திரி மேகம் வந்து மூடிவிட்டது. உறையவில்லை. மேல்தோல் கட்டவே இல்லை.

கைபேசி தலைமாட்டில் இருந்தது. கையை நீட்டி ஒரு வரி எழுதினால் போதும். அவள் நீட்டவில்லை. அடுப்புப் புகைபோக்கிப் பக்கம் எப்போதுமே கொஞ்சம் சொட்டும் என்று சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்னால் எவன் எழுந்திருக்கப்போகிறான் என்றும் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம் வேறு. அந்தப் பதில்களெல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஓர் ஆசை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து வெப்பமானியைப் பார்த்தாள். பூஜ்யத்துக்கு மேலே இரண்டு. காப்பி போட்டாள். ஏழு மணிக்கு, "உறையவில்லை. ஏரித் தடம் மூடப்பட்டது. யாரும் போக வேண்டாம்" என்று எழுதினாள். எழுதி முடித்த கையோடு, ஏன் என்று அவளுக்கே சரியாகத் தெரியாமல், ஹெர்டிஸைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஹெர்டிஸின் வீட்டுக்கு ஓடினாள். கார் வாசலிலேயே நின்றிருந்தது. குரைப்பு இல்லை. முன்கூடத்தில் கிளிஸ்டர் வாசனை, பலகைமேல் மூடாத பசைக் குழாய். சுவரில் நாய்க்கயிறு மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

கீழ்க்காட்டில் மண் தெரிந்ததால் ஸ்னோமொபைல் உதவாது. வீட்டுக்குத் திரும்பி ஸ்கீ பூட்ஸை மாட்டி, ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் அரைக் கிலோமீட்டரை ஓடினாள், பிறகு ஸ்கீயை மாட்டினாள். தடம் மட்டும், மாதக்கணக்கில் அமுங்கி அமுங்கி, ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நின்றது. இரண்டு பக்கமும் பனி இற்றுப்போயிருந்தது. ஊன்றுகோல் வைத்த இடத்தில் பிடிவரைக்கும் இறங்கியது. இறக்கத்தில் ஒருமுறை ஸ்கீ வரப்பை விட்டு விலக, தொடைவரை புதைந்து, கையால் தோண்டிக் காலை எடுத்தாள். பசையில் ஊசியிலை ஒட்டி ஒட்டி, செருப்பில் அப்பிய சேறு போல் கனத்தது. மரங்களிலிருந்து எங்கும் சொட்டிக்கொண்டிருந்தது.

தடத்தின் நடுவில் நாயின் கால்தடம் புதிதாகப் பதிந்திருந்தது. எந்த இடத்திலும் அது தயங்கி நின்றதாகத் தெரியவில்லை. குன்வோர் அதையே பார்த்துக்கொண்டு போனாள்.

காடு விலகி ஏரி தெரிந்தபோது முதலில் கண்ணில் பட்டவை குச்சிகள். ஒன்றுகூடச் சாயாமல் அக்கரைவரை நின்றன. சுற்றிலும் பனிக்கட்டி சாம்பலாக, மேலே விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. ஒன்பதாவது குச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. கருப்பாக, சமையலறை மேசை அளவுக்கு. அதன் ஓரத்தில் ஒரு ஸ்கீ கிடந்தது.

"ருஸ்க்! ருஸ்க்!"

கரையில் படகுக் கொட்டகையின் வாசலில் ஹெர்டிஸ் முட்டிபோட்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஏரியில் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஆணிப்பிடிகளை, பனியில் குத்திக் குத்தித் தவழ்ந்து வந்த ஆணிப்பிடிகளை, இன்னும் இரு கையிலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். குன்வோர் அவளை உள்ளே இழுத்துப்போய், ஈரத்தை எல்லாம் கழற்றி, தன் கம்பளிச் சட்டையைப் போட்டு, கொட்டகையில் கிடந்த கித்தானால் சுற்றினாள். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"சாம்பலா இருந்துச்சுடி," என்றாள் ஹெர்டிஸ். "நான் பாத்தேன். தண்ணி நிக்குது, நெறம் சரியில்ல. கரையில நின்னு பாத்துட்டுத் திரும்பிடலாம்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன்டி போன? ஏன் போன?"

"நீ எழுதியிருந்தியே." அதைச் சொல்லும்போது ஹெர்டிஸின் குரலில் குற்றச்சாட்டே இல்லை. "நல்லாருக்கும்னு நீயே எழுதிட்டேன்னா, எனக்குத்தான் கண்ணு சரியில்லன்னு நெனச்சேன்."

குன்வோர் அவள் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ருஸ்க்தான் முதல்ல விழுந்தான். என்னையும் இழுத்துட்டான். அடியில தண்ணி ஓடுது, அவன இழுக்குது. கயிறு என் இடுப்புல." ஹெர்டிஸ் ஆணிப்பிடிகளைக் கீழே வைத்தாள். "நான்தான்டி கொக்கியக் கழட்டினேன். என் கையால. என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்."

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். ஸ்கீயையும் ஊன்றுகோலையும் மீட்புக்காரர்கள் கயிறு கட்டி எடுத்துக் குன்வோரிடம் கொடுத்துவிட்டார்கள். நாய் கிடைக்கவில்லை. ஏரிப் பனி முழுக்க உருகியபிறகுதான் கிடைக்கும் என்றார்கள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் குன்வோர் அவளுக்குச் சூப் கொண்டுபோனாள். ஹெர்டிஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி இடுப்புப் பட்டையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சூப் ஆறிப்போகும்.

"நீ உன்னையே தின்னுக்காத," என்றாள் ஹெர்டிஸ். "ராத்திரி மேகம் வந்தா நீ என்ன பண்ணுவ? தூங்கிட்டு இருந்திருப்ப. எழுந்ததும் எழுதிட்டியே. இது என் கைதான்டி பண்ணுச்சு. இன்னும் ஒரு நிமிஷம் புடிச்சிருக்கலாம்."

"ம்," என்றாள் குன்வோர்.

அந்த ஒரு "ம்" அவளைத் தூங்கவிடவில்லை. ஆறு மணிக்கே விழித்துக் கிடந்ததை அஸ்முனிடம் மட்டும் சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

"இத யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத. நான்தானே உன்ன எழுதச் சொன்னேன். பழி என்மேலயும்தான். ஆனா அந்த ஒரு மணி நேரத்த மட்டும் விட்டுடு. யாருக்கு என்ன லாபம்? நாய் திரும்பி வருமா?"

நாய் வராதுதான். ஆனால் அங்கே ஒருத்தி கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். அவள் சுமப்பது அவளுடைய பாரம் இல்லை. அதை எடுத்துவிட வேண்டுமென்றால் குன்வோர் தன்னைக் காட்டிக்கொடுத்தாக வேண்டும். ஐம்பது வருஷப் பழக்கத்தில் தனக்கென்று இருக்கிற ஒரே மனுஷி ஹெர்டிஸ் என்பது அவளுக்கு அந்த இரண்டு நாளில்தான் சரியாக உறைத்தது. நேரில் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும், "உப்புப் போதுமா?" என்றுதான் வந்தது. கோழைத்தனம்தான், வேறென்ன. கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தாள். புதன்கிழமை மத்தியானம் சங்கத்தின் பக்கத்தில் எழுதினாள்.

"எல்லாத் தடமும் மூடப்பட்டது. ஏரியில் குச்சிகள் இன்னும் நிற்கின்றன. பிடுங்கப் போக முடியாது, நம்பாதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு என் கூரை சொட்டியது. நான் விழித்துத்தான் இருந்தேன். உறையவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மணிக்குத்தான் எழுதினேன். நாய் செத்ததற்குக் காரணம் கொக்கி இல்லை, நான். இந்தப் பக்கத்துக்கு இனி வேறு ஆள் எழுதுவார்."

அதன் கீழே ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

பிறகு கொட்டகைக்குப் போனாள். ஹெர்டிஸின் ஸ்கீகள் சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தன. சுரண்டியைக் கையில் எடுத்தாள். பசையில் ஊசியிலைகள், பட்டைத் தூள், அவற்றோடு நாலைந்து சாம்பல் நிற முடி. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஹெர்டிஸ் நின்றாள். அழுத முகமாகத் தெரியவில்லை. உள்ளே வந்து ஸ்கீயில் ஒட்டியிருந்த முடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டையும் சேர்த்துத் தோளில் ஏற்றினாள்.

"அத நான் சுத்தம் பண்ணி…" என்று தொடங்கினாள் குன்வோர்.

"வேணாம்."

வாசல்வரை போய் நின்றாள். திரும்பவில்லை.

"ஆறு மணிக்கா?"

"ஆமா."

கூரையிலிருந்து அவள் தோள்மேல் சொட்டியது. நகர்ந்துகொள்ளவில்லை.

"நான் ஆறரைக்குத்தான் கெளம்பினேன்," என்றாள் ஹெர்டிஸ். "ஃபோனப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன். நீ எதாவது மாத்தி எழுதியிருக்கியான்னு."

ஸ்கீயைத் தோளில் சரியாக ஏற்றிக்கொண்டு, சேறாகிக் கிடந்த பாதையில் மெதுவாக நடந்து போனாள். குன்வோர் பின்னால் போகவில்லை.